சகலை வீட்டுத் தண்ணீர்

சிலர் அடுத்தவர் காரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். சிலர் வீட்டைப் பார்த்து. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் தம்பியின் தலைமுடியைப் பார்த்துப் பத்து வருடமாகப் புழுங்கிக்கொண்டிருக்கிறார். நான் பொறாமைப்பட்டது தண்ணீரைப் பார்த்து. அதுவும் குடிக்கிற தண்ணீர்கூட இல்லை. மீஞ்சூரில் என் சகலை குமரேசன் வீட்டுப் பின்கட்டில், எட்டடிக்கு ஐந்தடியில் மீன் விட்டு வைத்திருந்த குளத்துத் தண்ணீர். இதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. (மனைவி சுமதிக்கு மட்டும் தெரியும். அவளிடம் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவைப்படுவதில்லை, முகத்தைப் பார்த்தே படித்துவிடுவாள்.)

இதில் கொடுமை என்னவென்றால், தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனி. அங்கே கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் ஆபரேட்டர். கெமிக்கல் டிப்ளமோ படித்தவன். காலையில் நாவல்பழ நிறத்தில் வருகிற தண்ணீரைச் சாயங்காலத்துக்குள் மோர்த் தண்ணீர் அளவுக்காவது கொண்டுவந்துவிடுவேன். குமரேசனோ மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். சுமதியின் தங்கையைக் கட்டியவன். அதிர்ந்து பேசமாட்டான், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லமாட்டான். பொறாமைப்படுகிறவனுக்கு இப்படிப்பட்ட ஆளைப் போலத் தொந்தரவு வேறில்லை. திட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்காது.

என் மாமனார் ரோலிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எளாவூரில் இருந்தார். எளாவூரிலிருந்து ரயிலேறினால் முதலில் வருவது எங்கள் ஊரான கும்மிடிப்பூண்டிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மனிதர் எங்கள் ஊரில் இறங்காமல் நேராக மீஞ்சூர் போவார். குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூன்று டீ குடித்துவிட்டு, திரும்பவும் எங்கள் ஊரில் இறங்காமல் எளாவூர் போய்ச் சேருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் மீஞ்சூர் போயிருந்தோம். மாமனார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சின்ன மாப்ள போடுற இதுல? கண்ணாடி மாறி கீது."

"ஒண்ணும் போடல மாமா," என்றான் குமரேசன். "அந்த டிரம்முல ஜல்லி, பழைய கொசுவல, பீர்க்கங்கா நாரு. மேல கல்வாழ நட்டுக்கீறேன். மோட்டாரு தண்ணிய அதுல ஏத்திக்கினே இருக்கும், தண்ணி வடிஞ்சி வந்துக்கினே இருக்கும். மிச்சத்த அதுவே பாத்துக்கும்."

மாமனார் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் குளத்தில் போட்டார். அது சுழன்று சுழன்று அடியில் போய் உட்கார்ந்தது. "பூ உழுந்துகீது. இங்கேர்ந்தே தெரியுது பாரு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீ கம்பெனில இன்னா வேல பாக்குற?"

பெண் கொடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"தண்ணி சுத்தம் பண்ற வேல மாமா."

"அப்டியா," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அந்த 'அப்டியா' என்னைத் தூங்கவிடவில்லை. பீர்க்கங்காய் நாரையும் கொசுவலையையும் வைத்துக்கொண்டு ஒரு ஜெராக்ஸ்காரன் என் டிப்ளமோவைக் கேலி செய்கிறான் என்று முடிவு கட்டினேன். (அவன் செய்யவில்லை. எனக்காக இரண்டாவது வடையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.)

அடுத்த மாதமே என் வீட்டுப் பின்பக்கம் குளம் வெட்டினேன். ஒன்பதடி நீளம், ஆறடி அகலம். அளவு எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சிமெண்ட் பூசி, போர் தண்ணீர் நிரப்பி, கொளத்தூர் போய்ப் பன்னிரண்டு வண்ணக் கெண்டைகள் வாங்கிவந்து விட்டேன். நிழலுக்கு ஒரு செடிகூட இல்லாத இடம். காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில் நேராகக் குளத்தில் விழும். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும் என்று நாளைக்கு ஐந்து வேளை தீனி போட்டேன். பத்தே நாளில் முருங்கைக்கீரையை மிக்ஸியில் அரைத்து ஊற்றியது போலத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பன்னிரண்டு மீனும் உள்ளே இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடித் தொட்டிக்குப் போடுகிற சின்ன ஸ்பாஞ்ச் பில்டரைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக விட்டேன். எங்கள் போர் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம், வாளியில் பிடித்து வைத்தாலே மஞ்சளாகிவிடும். பச்சையோடு மஞ்சள் சேர்ந்ததுதான் மிச்சம். ஒரு நாள் தலையணை உறையைக் குழாய் வாயில் கட்டி வடிகட்டினேன்.

"அது என் தலகாணி உறதானே," என்றாள் சுமதி.

"துவைச்சிடலாம்."

"தொவச்சிட்டு அதுல நீயே தல வச்சிப் படு."

விஷயம் மீஞ்சூருக்கு எப்படியோ எட்டியது. குமரேசன் போன் செய்தான். "அண்ணே, நான் ஒரு ஞாயித்துக்கெழம வந்து டிரம்மு கட்டித் தரேன். ஆனா ஒடனே தெளியாது. நாருல நல்ல கிருமி வளரணும். ஒரு மாசம் ஆவும்."

"தம்பி, நான் கம்பெனில கிருமிய ஒழிக்கிறவன். நீ வளக்குறவன். உன் வேலய நீ பாரு, என் வேலய நான் பாக்குறேன்," என்றேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கயலுக்கு மூன்று வயது முடிந்து, பெரியபாளையத்தில் மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடானது. கோயிலில் காரியம் முடிந்ததும் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்று அறிவித்தேன். கோயிலுக்குப் பக்கத்திலேயே மண்டபம் இருக்கிறது, முப்பது பேரை வேனில் ஏற்றிக் கும்மிடிப்பூண்டிக்கு ஏன் இழுக்கவேண்டும் என்று சுமதி கேட்டாள். ஊர்க்காற்று, சொந்த வீடு என்றெல்லாம் ஏதோ சொன்னேன். அவள் ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

முதல் நாள் சாயங்காலம் காரியத்தில் இறங்கினேன். கழிவுநீரைத் தெளியவைக்க நாங்கள் இரண்டு பொருள் போடுவோம். ஒன்று படிகாரம். அது அழுக்கைச் சின்னச் சின்னத் துணுக்காகத் திரட்டும். இன்னொன்று பாலிமர் என்று ஒரு வெள்ளைப் பொடி. அது துணுக்குகளைப் பிடித்துப் பெரிய கட்டியாக்கி அடியில் இறக்கும். எவ்வளவு போடவேண்டும் என்பதை முதலில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சோதித்துப் பார்க்கவேண்டும். பொடியை நேராகக் கொட்டக் கூடாது, நிறையத் தண்ணீரில் கரைத்து, துளித் துளியாக விடவேண்டும். கம்பெனியில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான். அன்றைக்கு ஒன்றையும் செய்யவில்லை. மாதிரிக்கென்று கம்பெனிக்கு வந்து கேட்பாரற்றுக் கிடந்த பாலிமர் பாக்கெட்டை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மீன்களைப் பிடித்துக் குளியலறை டிரம்மில் விட்டுவிட்டு, படிகாரத்தைக் கலக்கி ஊற்றி, பின்னாலேயே பொடியைக் கையால் அள்ளி, கோலமாவு தூவுகிற மாதிரி குளம் முழுக்கத் தூவினேன். பாதி உள்ளே விழுந்தது, பாதி கரையில் விழுந்தது.

"அது இன்னா, சக்கர மாறி?" என்றாள் சுமதி.

"மருந்து."

"யாருக்கு?"



காலையில் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. குமரேசன் குளமெல்லாம் பிச்சை வாங்கவேண்டும். உடம்பெல்லாம் புல்லரித்தது. அடியில் மட்டும் ஒரு முழம் உயரத்துக்குச் சாம்பல் பச்சையில் மெத்தை போல என்னவோ படிந்திருந்தது. கம்பெனியில் அந்தச் சேற்றைத் தனியாக வெளியேற்றக் குழாய் உண்டு. என் குளத்தில் குழாய் வைக்கவில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு ஆள் வந்தால் குளியலறை வேண்டுமே என்று பன்னிரண்டு மீன்களையும் குளத்தில் விட்டுவிட்டுப் பெரியபாளையம் கிளம்பினேன். கெண்டை மீனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடியில் எது கிடந்தாலும் மூக்கால் கிளறிக் கிளறித்தான் தின்னும். அதை யோசித்திருக்கலாம். வழியெல்லாம் நான் யோசித்தது மாமனார் முகத்தை.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டு வேன் வீட்டு வாசலில் நின்றது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கயல், மஞ்சள் துண்டோடு மாமனார், பின்னால் சொந்தம் மொத்தமும். யாரையும் வீட்டுக்குள்கூட விடவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எல்லாரும் பின்னாடி வாங்க, ஒண்ணு காட்டணும்," என்று கல்யாண மாப்பிள்ளை போல முன்னால் நடந்தேன்.

குளத்தில் தண்ணீர் இல்லை. கூழ் இருந்தது. அடியில் கிடந்த மெத்தை முழுவதும் மேலே வந்திருந்தது. பாலிமர் ஊறி ஊறி, வெண்டைக்காயை வெட்டி ஊறவைத்த மாதிரி கொழகொழவென்று நின்றது. நடுவில் ஒரு சிவப்பு வாய் மேலே வந்து காற்றுக்குத் திறந்து மூடியது.

மாமனார் மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டு நாணயத்தை எடுத்துப் போட்டார். அது சத்தமே இல்லாமல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு சாய்ந்து உள்ளே போனது.

"இன்னா ஊத்துன மாப்ள?"

"ஒண்ணும் ஊத்தல மாமா."

"சக்கர மாறி ஒண்ணு கொட்னாரு நைனா," என்றாள் சுமதி.

ஒரு மீனையாவது எடுத்துக் காட்டிவிடவேண்டும் என்று கரையோரம் பாய்ந்தேன். பாலிமர் பொடி தரையில் சிந்தி ஈரம் பட்டால் எண்ணெயைவிட மோசமாக வழுக்கும். கம்பெனியில் அதற்கென்றே ஒரு எச்சரிக்கைப் பலகை உண்டு, எழுதி மாட்டியவன் நான். முதல் கால் போனது தெரிந்தது. இரண்டாவது கால் எப்போது போனது என்று தெரியவில்லை. குளத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன், விழுந்தேன். மறுபடி எழுந்தேன், இந்தத் தடவை முகம் குப்புற விழுந்தேன். கயல் கை தட்டினாள். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அதற்குப் பிறகு முப்பது பேரும் சிரிப்பை அடக்கவில்லை.

சிரிக்காதவன் ஒருத்தன்தான். குமரேசன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கரையில் மண்டியிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தான். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணே, கால அசைக்காதீங்க. மீனு மிதிபடப் போவுது."

என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அவன் உள்ளே இறங்கினான். சமையல்காரர் பாயசத்துக்குக் கழுவி வைத்திருந்த அண்டாவில் டேங்க் தண்ணீரை நிரப்பச் சொல்லி, சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, வேறு தண்ணீரில் அலசி அண்டாவில் விட்டான். செவுளில் கொழகொழப்பு ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான். நான் தலையிலிருந்து வழிகிறதைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம்கூட எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த ஆள் எவ்வளவு பக்குவமாக மீனைப் பிடிக்கிறான் என்று பொறாமையாக இருந்தது.

பத்து மீன் பிழைத்தது. இரண்டு பிழைக்கவில்லை. அந்த இரண்டையும் வாசல் மாமரத்தடியில் புதைத்தபோதுதான், நான் செய்தது வெறும் கோமாளித்தனம் மட்டும் இல்லை என்று உறைத்தது. சாப்பாட்டுப் பந்தியில் நான் உட்காரவில்லை. அன்றைக்குப் பாயசமும் இல்லை. சாயங்காலம் மீன்கள் அண்டாவோடு மீஞ்சூர் வேனில் ஏறின. தண்ணீர் தளும்பாமல் இருக்க மாமனார் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "குளிச்சிட்டுப் படு மாப்ள," என்றார். அவ்வளவு கனிவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கொழகொழப்பைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஒரு நீல டிரம் வந்து இறங்கியது, பின்னாலேயே குமரேசன். நான் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் வாய் வரவில்லை. ஜல்லி கழுவினான், கொசுவலை மடித்துப் போட்டான், பீர்க்கங்காய் நாரை அடுக்கினான், கல்வாழை நட்டான். வெயில் விழாமல் பச்சை வலையில் பந்தல் போட்டான். "தீனி ஒரு வேள போதும்ணே," என்று மட்டும் சொன்னான். நான் சமையலறை ஜன்னல் வழியாக ஏதாவது தப்புச் செய்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொன்னபடி ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. மீன்கள் திரும்பி வந்தன. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் எங்கள் கம்பெனி லேபில் சோதித்தேன். ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துவிடலாம் என்ற நப்பாசை. நான் பதினோரு வருடமாகச் சுத்தம் செய்து அனுப்புகிற தண்ணீரைவிட அது நன்றாக இருந்தது. ரிசல்ட் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், பிறகு அது சட்டையோடு துவைந்துபோனது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் எங்கள் ஊரில்தான் இறங்குகிறார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. கூடவே யாரையாவது அழைத்துவருவார், குளத்தைக் காட்டி, "சின்ன மாப்ள கட்னது," என்பார். வெட்டியது நான், சிமெண்ட் பூசியது நான், கரண்ட் பில் கட்டுவது நான். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அதைக் குமரேசன் குளம் என்றுதான் சொல்கிறார்கள். என் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்து நானே பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் கயல் பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்றாம் வகுப்பு. 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இட்லி சுடுவது, மாமரம், பக்கத்து வீட்டு நாய் என்று மூன்று வரி போனது. நான்காவது வரி: "வீட்டுக்குப் பின்னால் குமரேசன் சித்தப்பா கட்டிய அழகான குளம் இருக்கிறது." என்னைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று ஐந்தாவது வரியைப் பார்த்தேன்.

"அதில் என் அப்பா மூன்று முறை விழுந்தார்."

பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்.