என் பெயரைக் கேட்ட மருமகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு என் இரண்டு கைகளைத் தவிர அனைவரும் சௌக்கியம். கைகளுக்கு என்ன ஆயிற்று என்று தாங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாம் தங்கள் அருமை மகள் செய்த வேலை.

பெண்ணைக் கொடுத்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்று மூன்று வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சொல்லும்படி குறை எதுவும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். நேற்றுக் காலையோடு அந்தப் பொறுமை போயிற்று. டாக்டர் எனக்குச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தார். மருமகளே லேப்பில் ரத்தம் எடுக்கிறவளாக இருக்கும்போது அடுத்தவரிடம் போய்க் கையை நீட்டுவானேன், வீட்டு மனுஷி, பார்த்துப் பதமாக எடுப்பாள் என்று மனப்பால் குடித்தேன். குடித்தது அது ஒன்றுதான். முந்தின நாள் எட்டு மணியோடு சாப்பாட்டை நிறுத்தி, பன்னிரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படாத வயிற்றோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் குடையோடு ஒரு பெரியவர். கவுண்டரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரும் எழுந்தார், நானும் எழுந்தேன், நான் முந்திக்கொண்டு சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே மகாராணி வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு என்ன கேட்டாள் தெரியுமா?

"உங்க பேரு சொல்லுங்க மாமா."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. "முழுப் பேரும் பிறந்த தேதியும்" என்கிறாள். சம்பந்தி, தாங்களே நியாயம் சொல்லுங்கள். அவள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் வீட்டு வாசல் பலகையில் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் வேலைக்கே போகிறாள்.

"ஏம்மா, தினம் நீ போடற காபியக் குடிக்கிறது யாரு?"

"நீங்கதான் மாமா."

"அப்புறம் என்ன? நீயே பேரச் சொல்லு, சரியான்னு நான் சொல்றேன்."

"நான் சொல்லக் கூடாது மாமா. நாங்க சொன்னா, பசி மயக்கத்துல எந்தப் பேருக்கும் ஆமாம்னு தலையாட்டிடுவாங்க. நீங்கதான் சொல்லணும்."

தலையாட்டுவேனாம்! முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். தலையாட்டிச் சமாளித்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டவன். டிக்கெட் இல்லை என்று சொந்த மைத்துனனையே நடுவழியில் இறக்கிவிட்ட ஆள்தானே என்று தாங்கள் குத்திக்காட்டுவீர்கள். அது கடமை. இது வேறு.

பல்லைக் கடித்துக்கொண்டு பெயரைச் சொன்னேன், தேதியையும் சொன்னேன். சீட்டைப் பார்த்தாள். "தேதி ஒத்து வரலையே மாமா." எனக்கு இரண்டு பிறந்த தேதி உண்டு. அம்மா பெற்றெடுத்த தேதி ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது போதாமல் அப்பா எழுதிக் கொடுத்த தேதி ஒன்று. முதலில் அப்பாவின் தேதியைச் சொல்லியிருந்தேன். போகட்டும் என்று அம்மாவின் தேதியையும் சொன்னேன். அதுவும் இல்லையாம். மூன்றாவது தேதிக்கு நான் எங்கே போவேன்? "மாமனார்தானேன்னு எடுத்துட்டா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்டேன். "கூடாது மாமா. கவுண்டர்ல காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பெற்ற தகப்பனைப் போல் பார்த்துக்கொள்வாள் என்று நம்பிய மருமகள் என்னைக் கவுண்டருக்குத் துரத்துகிறாள்! அங்கே இருந்தவர் சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடைக்காரப் பெரியவரைக் கை காட்டினார். அவருக்கும் என் பெயரேதான், முன்னெழுத்து உட்பட. நான் கொண்டுபோனது அவருடைய சீட்டு. என் பெயரைக் கூப்பிட்டார்கள், எடுத்தேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது? அவரே கோபப்படவில்லை. "ஒரே பேரு, விடுங்க சார்" என்று சொல்லி என் போன் நம்பரைக்கூட வாங்கிக்கொண்டார். மனிதர் என்றால் அவர் மனிதர்.

மறுபடி உள்ளே போனால் மறுபடி பெயர், மறுபடி தேதி. "இப்பத்தானே சொன்னேன்?" "அது போன சீட்டுக்கு மாமா." பிறகு புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி, "கைய மூடிக்கோங்க" என்றாள். ரத்தம் நன்றாக வரட்டுமே என்று மூடி மூடித் திறந்தேன். அதுவும் குற்றம். அப்படிச் செய்தால் பொட்டாசியம் ஏறிக் காட்டுமாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் காயட்டும் என்று காத்திருந்தாள். சீக்கிரம் காயட்டுமே என்று ஊதினேன். "ஊதினா திரும்பத் துடைக்கணும் மாமா." மூச்சு விடுவதற்காவது அனுமதி உண்டா என்று கேட்டேன். வலித்ததா என்று கேட்டால், இல்லை. அதை மறைக்கப் போவதில்லை, ஊசி போனதே தெரியவில்லை. சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்களை மாற்றினாள். வெறும் குழாயில் முன்கூட்டியே பெயர் ஒட்டி வைத்துக்கொள்ளக் கூடாதாம், ரத்தம் எடுத்தபின் ஆளின் எதிரிலேயே ஒட்ட வேண்டுமாம். அதற்காக அவள் திரும்பிய நேரத்தில், சும்மா இருப்பானேன், கூடமாட ஒத்தாசை செய்வோம் என்று சிவப்பு மூடிக் குழாயை எடுத்து, மருந்து பாட்டிலைக் குலுக்குவது போல் நாலு குலுக்குக் குலுக்கினேன்.

"ஐயோ மாமா! குலுக்கினா ரத்த அணு உடைஞ்சு போயிடும். மெதுவாக் கவுத்து நிமித்தத்தான் செய்யணும். இது இனிமே ஆகாது, இன்னொரு கைய நீட்டுங்க."

நீட்டினேன். வேறு வழி? கடைசியில் இரண்டு முழங்கைக் குழியிலும் பஞ்சு. மடக்காமல் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். இடது கையை வலது கை பிடிக்கும், வலது கையை யார் பிடிப்பது? பாவம், குடைக்காரர்தான் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து பிடித்தார். அவர் முறை வந்து போனதும் நான் கையை மடக்கிவிட்டேன். இப்போது கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். மாமனாரையே யார் என்று கேட்கச் சொல்லும் வேலை நமக்கு வேண்டாம், விட்டுவிடு என்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டம்மாள்தான், "வாய மூடிட்டுக் கைய நீட்டியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்று நடுவில் வந்தாள். தங்கள் மாப்பிள்ளை வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் போய்விட்டான். நான் விடவில்லை. கடைசியில் அவள், "சரி மாமா, எங்கப்பா விடச் சொன்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். ஆகவே பந்து தங்கள் பக்கம் இருக்கிறது. அவள் தங்கள் சொல்லைத் தட்டாதவள். இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து, வேலையை விடச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். சின்னவர்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் கையை நீட்ட வேண்டி வராமல், நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(பெயர் தங்களுக்காவது நினைவிருக்கும்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குடைக்காரரின் மகன் போன் செய்தார். பெரியவருக்குப் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு ஏறியிருந்ததாம். நேற்று மத்தியானமே லேப்பிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டுச் சொல்லி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது தேறிவிட்டாராம். என் ரத்தம் அவர் சீட்டோடு போயிருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டில் போய்ப் படுங்கள் என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அவரும் போய்ப் படுத்திருப்பார்.

மருமகளிடம் ஓடினேன். "உனக்கு இது தெரியுமா?" "நேத்து மத்தியானமே தெரியும் மாமா." "நான் அவ்வளவு கத்தினேனே, அப்பவே சொல்லியிருக்கலாமே?" "ஒருத்தர் ரிசல்ட்ட இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது மாமா." சம்பந்தி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். சொல்லாமல் நின்று அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுதியதைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை, அதனால் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் வேலையை விடு என்று அவளிடம் ஒரு வார்த்தை தங்கள் வாயிலிருந்து வந்ததோ, அடுத்த கடிதம் இவ்வளவு மரியாதையாக இருக்காது.