பத்து லட்சம் வருஷத்துக்கு ஒரு மாப்பிள்ளை

நாமக்கல் வட்டாரத்தில் அதிகம் பேருடைய வாயைத் திறந்து பார்த்தவர் எந்தப் பல் டாக்டரும் இல்லை; எங்கள் கோழிப்பண்ணை சூப்பர்வைசர்தான். அதிகம் பேரை அவமானப்படுத்தியவரும் அவரே. அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் பண்ணையில் ‘ஞானப்பல்’ என்றுதான் சொல்வோம், அவர் காதில் விழாத தூரத்தில்.

வருங்கால மனிதன் எப்படி இருப்பான் என்பதே அவருக்குப் படிப்பு, பக்தி, பொழுதுபோக்கு எல்லாம். எந்தக் கல்லூரியில் கற்றார் என்று கேட்காதீர்கள். தீவன மூட்டைமேல் சாய்ந்து செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றார். பத்து லட்சம் வருஷம் கழித்து மனிதனுக்குப் பல் இருக்காது, முடி இருக்காது, காலில் சுண்டுவிரல் இருக்காது. கட்டைவிரல் மட்டும் செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் புடலங்காய் நீளத்துக்கு வளர்ந்திருக்கும். இன்றைக்கே ஞானப்பல் முளைக்காதவர்கள் அந்தப் பாதையில் புறப்பட்டுவிட்டவர்களாம். மற்றவர்கள் ‘பழைய மாடல்’.

“நம்ம கோழியவே பாருங்க சாமி. அடை உக்காரவே மறந்துபோச்சு. முட்டைய உட்டுப்போட்டுத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க. வேண்டாதது ஒவ்வொண்ணா உதுந்துரும். மனுசனுக்கும் அப்படித்தானுங்க.”

யார் பழைய மாடல் என்று கண்டுபிடிக்க அவரிடம் இன்னொரு பரிசோதனையும் உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டை மடக்கச் சொல்வார். நடுவில் நரம்பு ஒன்று புடைத்து எழுந்தால் நீங்கள் குரங்குக்குக் கிட்டத்து சொந்தம். எழாவிட்டால் தூரத்து சொந்தம். முட்டை லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள் எல்லோரும் கையை மடக்கிக் காட்டிய பிறகுதான் டீ குடிக்க முடியும். முட்டை லோடு அனுப்பும் கிளார்க்காக நான் சேர்ந்த அன்றைக்கே என் மணிக்கட்டைப் பார்த்து “ச்சு” கொட்டினார். ஏதோ எனக்குத் தீராத வியாதி கண்டுபிடித்த மாதிரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதிலிருந்து எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

முதலாளியையும் விட்டுவைக்கவில்லை. “தப்பா நெனைக்காதீங்க. நீங்க இன்னும் மரத்துலதானுங்க இருக்கறீங்க,” என்றார். முதலாளி சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த நாளிலிருந்து முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

இவருக்கு ஞானப்பல் ஒன்றுகூட முளைத்ததில்லை. தலை பளபளவென்ற வழுக்கை. “நானெல்லாம் அட்வான்ஸ் பேட்ச்சுங்க,” என்று அந்த வழுக்கையைத் தடவிக்கொள்வார். தொப்பை, குறட்டை, ஓயாத வாய் இவற்றோடுதான் வருங்கால மனிதன் வருவான் என்றால், மனித குலம் இந்தத் தலைமுறையோடு கடையைக் கட்டிவிடுவது உத்தமம் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு கோடைக்காலம் முழுக்க அவர் மெல்லுவதை நிறுத்தினார். மெல்லாத இனம்தான் முன்னேறிய இனமாம். சோறு, குழம்பு, பீன்ஸ் பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்து, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்து குடிப்பார். அந்த நிறத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் சம்சாரம் ஒருநாள் பண்ணைக்கே வந்து என்னிடம் முறையிட்டார். “பத்து லட்சம் வருசங் கழிச்சு வாரவனுக்கு நான் எதுக்குங்க இப்பவே மிக்சி கழுவோணும்?”

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனுஷனுக்கு ஒரே மகள், சௌமியா. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், சிரிப்பே வராத முகம். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் இப்போது பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. முப்பத்தைந்து தாண்டிய பையன்கள் தரகர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்கள். இது போதாதா நம்மாளுக்கு? “ஜாதகம் கெடக்கட்டுங்க, பல்லு எக்ஸ்ரே கொண்டாங்க,” என்றார். கொண்டுவந்தார்கள்! எக்ஸ்ரே கொண்டுவராதவர்களை வீட்டுக்கு வரவழைத்து, நடுக்கூடத்தில் உட்காரவைத்து, சீக்குக் கோழியின் அலகைப் பிளந்து தொண்டையைப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலை வைத்து வாயைத் திறந்து பார்ப்பார். செல்போன் டார்ச்சைப் பிடிக்கும் கேவலமான வேலை எனக்கு. சூப்பர்வைசர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

வெண்ணந்தூர் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர், தரகர் பேச்சைக் கேட்டு நான்கு ஞானப்பல்லையும் பிடுங்கிவிட்டு, பூசணிக்காய்க் கன்னத்தோடு வந்தார். நம்மாள் அவர் ஈறைத் தடவிப் பார்த்தார். “தையல் இருக்குதுங்க. மோசடி,” என்று எழுந்துவிட்டார். அந்தப் பையனால் அழக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் காப்பித் தட்டோடு வந்து, தட்டோடு திரும்பிப் போனாள் சௌமியா. அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பத்து லட்சத்தில் நாலைந்து வருஷம் ஒரு கணக்கா?

கடைசியில் மேட்டூரிலிருந்து ஒரு பையன் வந்தான். கம்பெனியில் ஃபிட்டர். கூட அவன் அம்மா மட்டும். எக்ஸ்ரே இல்லை. நான் டார்ச் அடித்தேன், ஞானப்பல் பையனின் வாயைத் திறந்து பார்த்தார். நான்கும் இருந்தன, நான்கும் குழவிக்கல். மணிக்கட்டை மடக்கச் சொன்னால் நைலான் கயிறு மாதிரி நரம்பு. ஞானப்பல் முகம் கறுத்ததைக் கண்டு பையன் பதறிப்போய், தன்னிடம் இருந்த ஒரே வித்தையைக் காட்டினான்.

“நான் காதை ஆட்டுவேனுங்க,” என்றான். ஆட்டினான். ரெண்டு காதும் தனித்தனியாக, பிறகு சேர்ந்து.

ஞானப்பல் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். “இதை ஆடு மாடுதானுங்க பண்ணும்!”

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சௌமியா தட்டைப் பிடிக்க முடியாமல் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பையனின் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து முந்தானையை உதறிச் சொருகினார். “பொண்ணு கெடைக்கலீன்னாலும் பரவால்லீங்க. எம்பட பையன் சந்தை மாடில்ல, பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்கு. வாடா போலாம்.” போய்விட்டார்கள்.

“நல்லதாப் போச்சு,” என்றார் ஞானப்பல். “பின்னாடி போற வண்டி அது.”

சௌமியா கூடத்துக்கு வந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. “அப்பா, எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. அவரு இல்லீன்னா வேற யாரும் வேண்டாம்.”

“கண்ணு, மனுசன் எங்க போறான்னு...”

“எங்க போவான்னு யாருப்பா முடிவு பண்றது? நீங்களா?”

“இயற்கை கண்ணு.”

“இயற்கைன்னா வானத்துல இருந்தா வருது? கட்டிக்கிறவதானே முடிவு பண்றா? நான் அவரைக் கட்டுனா அந்தக் காது எம் புள்ளைக்கு வரும், அப்பறம் அதோட புள்ளைக்கு வரும். இந்த ஊட்டுல என்னை யாராச்சும் ஒருநாள் சிரிக்க வெச்சிருக்கீங்களா? பத்து லட்சம் வருசங் கழிச்சு எல்லா மனுசனுக்கும் காது ஆடட்டும். நான் முடிவு பண்ணீட்டேன்.”

அத்தனை நாள் நாங்கள் கிண்டல் பண்ணினோம், ஒதுங்கிப் போனோம். அவர் பாஷையிலேயே பதில் சொன்னது அவர் மகள் மட்டும்தான்.

“வீடியோவுல இதச் சொல்லலீங்களே சாமி,” என்று ஞானப்பல் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

அவருடைய மொபெட்டில் நான் பின்னால். மெயின் ரோட்டு பேக்கரியில் அம்மாவும் பையனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஞானப்பல் நேராகப் போய் அந்த அம்மா எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்தார்.

“என்ரதையும் பாத்துக்குங்க அம்மிணி. அப்பறம் பேசலாமுங்க. சாமி, டார்ச் அடிங்க.”

பேக்கரியே திரும்பிப் பார்த்தது. மானத்தை விட்டு டார்ச் அடித்தேன். அந்த அம்மா நிதானமாக டீயை வைத்துவிட்டு, எட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“பாதிப் பல்லு சொத்தை,” என்றார். “இத வெச்சுக்கிட்டா எம்பட பையனச் சொன்னீங்க?”

“தப்புத்தானுங்க. என்ர புள்ள உங்க பையனப் பாத்துச் சிரிச்சுப்போட்டாளுங்க. அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க.” சொல்லிவிட்டு வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா தன் டம்ளரை ஓரமாக நகர்த்தி அவருக்கு இடம் விட்டார். பிறகு, “அண்ணனுக்கு ஒரு டீ போடுப்பா,” என்று பேக்கரிக்காரரிடம் சொன்னார்.

வைகாசியில் கல்யாணம். சௌமியா மேட்டூருக்குப் போய்விட்டாள். ஞானப்பல் டிரைவர்களின் மணிக்கட்டைப் பிடிப்பதை நிறுத்திவிட்டார், வருங்கால மனிதன் பேச்சே எடுப்பதில்லை. ஆபீசுக்கு வந்து என் தலைக்கு மேல் தொங்கும் தினசரிக் காலண்டரை அண்ணாந்து பார்ப்பார். ஆடி பிறந்தால் மகளை வீட்டுக்கு அழைத்துவரலாம். “ஆனி மாசம் இத்தனை நீளமாவா சாமி இருக்கும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தளர்ந்து கோழி ஷெட்டுக்குப் போவார்.

இப்படிப்பட்ட கிறுக்கு மேல் போய்ப் பாசம் வைத்தேனே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல். ஆனாலும் அந்த ஆனி முழுக்க, அவர் வருவதற்கு முன்னால், காலண்டரில் ரெண்டு ரெண்டு தாளாகக் கிழித்து வைத்தேன்.