பந்துக்காரருக்கு எந்த ஊர்?

செஞ்சிக் கோட்டையை யார் கட்டினார்கள் என்று கேட்டால்கூட எங்கள் ஊரில் ஏதாவது ஒரு பதிலைச் சாதிப்பார்கள். எங்கள் வீட்டு மாடியில் மூன்றரை வருடம் குடியிருந்த பந்துக்காரர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். அதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் கஷ்டம். போன வருடம் அவர் கம்பெனி அவரை வியட்நாமுக்கு மாற்றிவிட்டது. இந்நேரம் அங்கேயும் ஒரு தெருவே குழம்பிப்போயிருக்கும்.

அவர் வந்து சேர்ந்ததே ஒரு குழப்பத்தில்தான். திண்டிவனம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. முதலாளிகள் கொரியாக்காரர்கள், சரக்கு வாங்குகிறவர்கள் ஜப்பான்காரர்கள், நடுவில் இவர். கம்பெனி கொடுத்த ஏசி ரூமில் இருக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையைப் பார்த்துவிட்டு செஞ்சியில் இறங்கிவிட்டார். நேரே என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, மலையைக் கைகாட்டி, "வீடு இருக்குதா?" என்றார்.

"அங்க குரங்குங்கதான் சார் குடியிருக்குது" என்றேன்.

மலைமேல் வீடு கேட்கவில்லை, மலை தெரிகிற மாதிரி வீடு கேட்கிறார் என்று புரிவதற்குள் இரண்டு டீ முடிந்திருந்தது. எங்கள் மாடியிலிருந்து மலை தெரியும். அன்றைக்கே பையோடு வந்துவிட்டார். ஒரு பையில் துணி, இன்னொரு பையில் ஒரு பந்து.

வெளிநாட்டுக்காரர் குடிவந்தால் வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிந்தாக வேண்டும். கடை கம்ப்யூட்டரில் நான் உட்கார, வீட்டுக்காரர் என்கிற முறையில் நைனா, அதாவது என்னைப் பெற்றவர், பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"எந்த நாடு சார்?"

"ஜப்பான்." பாஸ்போர்ட்டும் அதையே சொன்னது.

"பொறந்தது?"

"ஜப்பான்."

"அப்பா?"

"கொரியா."

"அவரு எங்க பொறந்தாரு?"

"ஜப்பான்."

நைனா குறுக்கே புகுந்தார். "அப்புறம் எப்பிடி சார் கொரியா?"

"தாத்தா கொரியா."

"தாத்தா இப்ப எங்க இருக்காரு?"

"ஜப்பான். கல்லறை."

"அட இன்னாடா இது! செத்தும் அங்கதான் இருக்காரு, அப்புறம் இன்னா கொரியா?" என்று நைனா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

முழுக்கதையும் எனக்குப் புரிய மூன்று சாயங்காலம் ஆனது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், பாதி படம் என்று என் கடையின் வேஸ்ட் பேப்பர் பூராவும் வரைந்து விளக்கினார். தாத்தா கொரியாவிலிருந்து ஜப்பானுக்குக் கூலி வேலைக்குப் போனவர், திரும்ப வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளையும் பேரனும் அங்கேயே பிறந்தும், காகிதத்தில் கொரியாக்காரர்களாகவே இருந்தார்கள். வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். இந்த இரண்டு பெயருக்கும் கூரியர் வந்து, மாடியில் இரண்டு பேர் தங்கியிருப்பதாக நைனா வாடகையை ஏற்றப் பார்த்தது தனிக்கதை.

பேரன் கால்பந்து ஆடினார். ஜப்பானில் இரண்டாம் டிவிஷன் டீம் ஒன்றில் முன்னால் நின்று கோல் போடுகிறவர். அப்போது காகிதப்படி அவர் கொரியாக்காரர். ஆனால் அங்கேயே பிறந்து படித்தவர் என்பதால் உள்ளூர் ஆள் என்று கணக்கு. இருபத்தாறு வயதில் மனுப் போட்டு ஜப்பான்காரராக மாறினார். மாறிய கையோடு, தாத்தா பூமியாச்சே என்று கொரியாவில் ஒரு டீமுக்கு ஆடப் போனார். அங்கே வெளிநாட்டு ஆள் என்று கணக்கு! பிரேசில்காரர் ஒருவருக்குப் பக்கத்து ரூம் கொடுத்தார்களாம். வாசகர்கள் இதை இரண்டு தடவை படித்தால் போதும். நான் நான்கு தடவை கேட்டேன்.

ஜப்பான்காரராக மாற மனுப் போட்டிருந்த வருடம் அவருக்கு ஆட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. வரிசையாகக் கோல். நாட்டு டீமுக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். எந்த நாட்டு டீமுக்கு என்பதுதான் கேள்வி.

"அம்மா, ஜப்பான்னாங்க. அப்பா, கொரியான்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. அப்பா ஒரு மாசம் பேசல."

"அப்புறம்?"

"லிஸ்ட் வந்துச்சு. ரெண்டு லிஸ்ட். ரெண்டுலயும் நான் இல்ல. அப்பா பேசிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம்தானா என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு முழங்கால் போனது. ஆட்டம் நின்றது. இரண்டு மொழி தெரிந்தவர் என்பதால் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. நாற்பத்துமூன்று வயதில் செஞ்சிக்கு வந்தவர், காலையில் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை கேட் வரைக்கும் பந்தைக் காலாலேயே உருட்டிக்கொண்டு ஓடுவார். எதிரே வரும் பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, லாரிக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு. டிரைவர்கள் திட்டுவதை மறந்து எட்டிப் பார்ப்பார்கள். ஊரில் பாதிப்பேர் ஜப்பான் சார் என்றார்கள், பாதிப்பேர் கொரியா சார் என்றார்கள். தகராறு வேண்டாம் என்று பந்துக்காரர் என்ற பேர் நிலைத்தது.

தமிழ் அவருக்குக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்கள் சொல்லிக்கொடுத்தது. அதனால் ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவருக்கு மச்சான்தான். எழுபது வயது நைனாவைப் பார்த்து, "மச்சான், சாப்டியா?" என்பார். முதல் நாள் நைனாவுக்கு வந்த கோபத்துக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார். ஆனால் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஊரில் வேறு ஆளில்லை என்பது அவருக்கே தெரியும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், எட்டாம் நாள், "ஆச்சு மச்சான், நீ?" என்றார்.

தெருவை நிஜமாகவே குழப்பியது அவருடைய போன்தான். ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்று ஊருக்குப் பேசுவார். ஒரு எழுத்தும் புரியாத அந்தப் பேச்சுக்கு நடுவே, "அப்பா... அப்பா..." என்று தெளிவாகக் கேட்கும். கொரியாவிலும் அப்பாவுக்கு அப்பாதானாம். எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யோவ், நாமளே நைனான்றோம். அவரு அப்பான்றாரு. அப்ப நாம எந்த ஊருய்யா?"

ஒரு அமாவாசைக்கு அவரை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஸ்பெஷல் பஸ்ஸை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் கூட்டம் அவரை வாரிக்கொண்டு போய்விட்டது. மைக் வைத்திருந்தவரிடம் ஓடினேன்.

"எந்த ஊருன்னு சொல்லட்டும்?"

"ஜப்பான்னு சொல்லுங்க. இல்ல, கொரியா. இல்லண்ணே, ரெண்டையும் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "செஞ்சி ஜெராக்ஸ் கடைக்காரருடன் வந்த நேபாளக்காரர் எங்கிருந்தாலும் உடனே வரவும்!" பத்து நிமிடத்தில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஃபாஸ்ட் ஃபுட் கடை மாஸ்டர்கள், மூன்றாமவர் இவர். "எல்லாரும் வந்தாங்க, நானும் வந்தேன்" என்றார். நெற்றி நிறைய திருநீறு, கையில் பாதி கடித்த சோளம்.

இனி அந்த மேட்ச்.

அனந்தபுரத்தைத் தாண்டி ஒரு கிறிஸ்தவ ஊர். மாதா திருவிழாவை ஒட்டி வருடா வருடம் கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். காசு கொடுத்து மெட்ராஸிலிருந்து ஆள் இறக்கிச் சண்டை வந்ததால், செஞ்சி வட்டத்தில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்று பங்குச் சாமியார் விதி போட்டிருந்தார். எங்கள் செஞ்சி டீம் முதல் சுற்றைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. கேப்டன், பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் மாடியேறி வந்து பந்துக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். பந்துக்காரர் தன் முழங்காலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், "சரி மச்சான்" என்றார்.

எதிர்டீம் எங்கள் வட்டத்திலேயே இருக்கும் வல்லம். அதை நடத்துகிறவர் ஒரு உரக்கடைக்காரர். இவரைப் பார்த்ததும் மைதானத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்.

"ஃபாதர், இது இன்னா நாயம்? மெட்ராஸ்லருந்து ஆளு வரக்கூடாதுன்னு ரூல் போட்டீங்க. இவுங்க ஜப்பான்லருந்து இட்டாந்துக்கிறாங்க!"

உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எங்கள் கேப்டன், "ஜப்பான் இல்லண்ணே, கொரியா" என்றார்.

நான் வாடகை ஒப்பந்தத்தின் நகலை நீட்டினேன். "ஜெராக்ஸ் கடைக்காரன் நீட்டுற ஜெராக்ஸ நம்பறதா?" என்றார் உரக்கடைக்காரர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஃபாதர் பந்துக்காரரிடமே கேட்டார். "சார், உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், சொந்த ஊருன்னா இன்னா?"

அப்பா ஊர் என்றேன். அப்புறம், பிறந்த ஊர் என்றேன். அதற்குள் கூட்டம் புகுந்துவிட்டது. "ஓட்டு எங்க இருக்குதோ அது." "குலதெய்வம் எங்க இருக்குதோ அதாம்பா." "ரேஷன் கார்டு, ரேஷன் கார்டு!" என்றாள் சுண்டல் விற்கிற அம்மா. ஒவ்வொருவர் வாயையும் பார்த்து அவர் முகம் திரும்பித் திரும்பி வந்தது. எதற்கும் சிரித்துவிடுகிற அந்த முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் பார்த்தேன். கூட்டம் தானாக அடங்கியது.

"வாடகை ஊரு இருக்குது" என்றார் கடைசியில். "சொந்த ஊரு... தெர்ல ஃபாதர்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கிடைத்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. "ஆடட்டும்" என்றார்.

ஆடினார். ஆனால் அவர் ஆடியது அங்கே யாரும் பார்த்திராத ஆட்டம். எங்கள் ஆட்கள் நிற்கிற இடத்தில் அவர் பந்தைப் போடவே இல்லை, ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போட்டார். பந்து ஐந்து தடவை பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையில் போய் விழுந்தது.

"சார், ஆளு இருக்குற எடத்துல போடுங்க சார்!" என்று கேப்டன் கத்தினார்.

"பந்து வந்துடுச்சு! நீ எங்க மச்சான்?" என்று அவர் திருப்பிக் கத்தினார்.

இடைவேளைக்குள் வல்லம் இரண்டு கோல். அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் கேப்டன் வெறுத்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலி இடத்துக்கு ஓடினார். பந்து அங்கே அவருக்காகக் காத்திருந்தது. கோல்! போட்டவருக்கே நம்பிக்கையில்லாமல், பந்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. போட்டால் சமன். பந்துக்காரர் பந்தை வைத்தார், பின்னால் வந்தார், ஓடினார். உதைக்கிற நேரத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. பந்து கம்பத்துக்கு மேலே ஏறி, கொல்லையைத் தாண்டி, பம்புசெட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது.

வல்லத்துக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள், விசிலடித்தார்கள், ஒரே குரலில் கத்தினார்கள். எங்கள் கேப்டன் தரையில் உட்கார்ந்து அழுதார். பந்துக்காரர் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அவமானத்தில் மூளை பிசகிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்தரை மணி டவுன் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் மெதுவாகக் கேட்டார். "மச்சான், கடைசில அவுங்க இன்னா கத்துனாங்க?"

"வுடுங்க சார். வாய்க்கு வந்தத கத்துவானுங்க."

"இன்னா கத்துனாங்க, சொல்லு."

"செஞ்சிக்குப் போடான்னாங்க."

"கரெக்டா கேட்டேன்" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார். ஜப்பானில் ஆடும்போது எதிர்க் கூட்டத்தில் யாராவது கொரியாவுக்குப் போ என்று கத்துவார்களாம். கொரியாவில் ஆடப் போனால் ஜப்பானுக்குப் போ என்பார்களாம்.

"எனக்கு எப்பவும் கொழப்பம் மச்சான். எங்க போறது? இன்னைக்குத்தான் ஒழுங்கா சொன்னாங்க." ஜன்னல் வழியாக முன்னால் கையைக் காட்டினார். "போறோம்ல?"

"போறோம் சார்" என்றேன்.

பாதி வழியில் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் வந்து நின்றார். "எறங்கலயா? எழுப்புப்பா அவர."

"நீங்க டீ சாப்ட்டு வாங்கண்ணே, எழுப்பிடறேன்" என்றேன். அவர் இரண்டு டீ குடித்துவிட்டு வருகிறவரைக்கும் நான் தோளை அசைக்கவில்லை.