ஐந்தாவது காய்ச்சல்

"லெட்டர் எழுதத் தெரிஞ்சா ஜொரமும் தெரிஞ்சிடுமா? நா வந்து பாத்தாதான் ஜொரம். போம்மா!"

இப்படி என்னைத் திருப்பி அனுப்பியவருக்கு ஊர் வைத்த பெயர் தர்மாமீட்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐந்து பேருக்குக் காய்ச்சல், ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்று எங்கள் கவரைப்பேட்டை அணிக்காக நான் எழுதிய அந்தக் கடிதத்தில் ஒரு பிழை கிடையாது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அவரைவிடப் பெரிய சந்தேகக்காரர் இன்னும் பிறக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தையே ரயில்வே கேட் மூடிய பிறகுதான் நம்புவார். ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிறுதோறும் ஆடும் கடைசி டிவிஷன் கால்பந்து லீக்குக்கு அவர்தான் செயலாளர். ஓர் அணியில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் இருந்தால்தான் ஆட்டம் தள்ளிப்போகும் என்பது அவர் போட்ட விதி.

நன்றாக ஆடுகிறவனுக்கு ஷிப்ட் விழுந்தால் போதும், அணியே காய்ச்சலில் படுத்துவிடும். உடனே தர்மாமீட்டரோடு டிவிஎஸ்ஸில் வீடு வீடாக வருவார். சூடான டீ குடித்திருப்பார்களோ என்று வாய் கொப்பளிக்க வைப்பார். சூடேற்ற வெங்காயம் வைத்திருப்பார்களோ என்று அக்குளை மோந்து பார்ப்பார். ஒருமுறை ஐந்து பேரிடமும் வெங்காயம் அகப்பட்டது. "இன்னாடா, அக்குள்ள சாம்பார் வெக்கிறீங்களா?"

ஆனால் நான் அந்தக் கடிதம் எழுதிய மழைக்காலம் சிரிப்பாக இல்லை. ஊரெல்லாம் டெங்கு. பக்கத்துத் தெருக்காரர் ஐசியூவில் இருந்தார். எங்கள் அணியில் நான்கு பேருக்குக் காய்ச்சல் உறுதியாகிவிட்டது. ஐந்தாவது, கோல்கீப்பரான என் அண்ணன். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. ஆனால் அன்று ஆட்டம் பார்க்க ஒரு கம்பெனி ஆள் வருவதாக இருந்தார். தங்கள் கம்பெனி அணிக்குப் பிடித்துப்போனால் அண்ணனுக்கு நிரந்தர வேலை.

அதனால் அண்ணன் ஐஸ் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"தொண்ணூத்தேழு. ஆட்டம் உண்டு" என்றார் தர்மாமீட்டர்.

நான் குறுக்கே போய் நின்றேன். "சார், மீட்டரு பொய் சொல்லுது சார். நெஜமாவே ஜொரம்!"

"நீ உள்ள போ. நாலு மணிக்கு ஆட்டம்" என்றான் அண்ணன். பற்கள் தந்தியடித்தன.

வாசல்வரை போனவர் திரும்பினார். "டம்ளர்ல இன்னாத்துக்கு ஐஸு மெதக்குது? ஒக்காரு. அரை மணி நேரம் வாயத் தொறக்காத."

அரை மணி நேரமும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வைத்தார்: நூற்றி நான்கு. நம்பாமல் இன்னொரு தபா வைத்தார். நூற்றி நான்கேதான். அதற்கு மேல் அவர் வைத்துப் பார்க்கவில்லை.

"இத்தினி வருசத்துல ஜொரத்த மறைச்சவன் நீ ஒருத்தன்தாண்டா. ஏறு வண்டில!"

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் எங்களோடு கிடந்தார். ரத்தத்தட்டு எண்ணிக்கையைச் சொன்ன நர்ஸிடம், "இன்னொரு தபா எண்ணுங்கோ" என்று திட்டு வாங்கினார். அண்ணன் பிழைத்தான். தள்ளிவைத்த ஆட்டத்துக்கு அந்தக் கம்பெனி ஆளைத் தன் டிவிஎஸ்ஸிலேயே கூட்டி வந்தவரும் அவர்தான்.

இப்போது நான் லீக்கின் துணைச் செயலாளர். அதே ஆஸ்பத்திரியில், அதே காய்ச்சலோடு அவர் கிடக்கிறார். இந்த வாரம் எங்கள் அணியில் நான்கு பேர் படுத்திருக்கிறார்கள்.

"நாலுதான? ஆட்டம் நடக்கும். நா வந்துடுறேன்" என்றார் போனில். சொன்னால் செய்வார்; சலைன் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து நிற்பார்.

ஆஸ்பத்திரிக்கு நேரில் போனேன். அவரையே வாய் கொப்பளிக்க வைத்தேன். அக்குளையும் விடவில்லை. எங்கள் அணிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன். இன்று காலை மைதானத்துக் கேட்டில் அறிவிப்பையும் ஒட்டிவிட்டேன்: ஞாயிறு ஆட்டம் ஒத்திவைப்பு. ஐந்தாவது ஆட்டக்காரர் தர்மாமீட்டர், நூற்றி மூன்று. வெங்காய வாசனை இல்லை.