மார்கழிப் பனியில் திறந்த வாய்கள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. போர்வையை நன்றாக இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்துப் பனியில் தேவதர்ஷினியைத் துரத்தியது எது என்று சொல்கிறேன்.

இன்னும் விடியவில்லை. அவளுடைய போன் ஓயாமல் அடித்தது. ஏதோ தெரியாத எண். எடுத்தால் கொரகொரவென்று ஒரு சத்தம், நடுவே யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"மறுபடியும் அதேதாங்க."

"ஆஃப் பண்ணித் தொலை," என்றான் கணவன் இளவரசன், போர்வைக்குள்ளிருந்து. "நேத்திலேர்ந்து நீயும் அழுமூஞ்சியா இருக்கே."

அழாமல் என்ன செய்வாள்? புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஸ்டெம் செல் கொடையாளர்களைச் சேர்ப்பது அவள் வேலை. தான்சானியாவிலிருந்து வந்த அமானி என்ற சிறுமி அங்கே ரத்த நோயோடு படுத்திருந்தாள். அவளுக்குப் பொருந்தும் செல் அவள் பூர்வீகத்து மனிதர்களிடம் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். பதிவு செய்தவர்களிலோ ஆப்பிரிக்கர்கள் ரொம்பக் குறைவு. நேற்று கே.கே. நகர் ஹாஸ்டலில் ஆப்பிரிக்க மாணவர்களிடம் தொண்டை வறளப் பேசிப் பார்த்தாள். கேட்டார்கள், ஒருவரும் பெயர் கொடுக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"யாராச்சும் பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பிடாதே. மூணு தடவை கூப்பிட்டாத்தான் மனுஷன். பேய் ரெண்டோட நிறுத்திக்கும்," என்று சிரித்தான் இளவரசன்.

உத்தர வீதியில் எதிர்வீடு தெரியாத பனி. காலடியில் கோலங்கள் மட்டும் வெளுப்பாக மிதந்தன.

"தேவா... தர்சீனி..."

அடிவயிற்றிலிருந்து வரும் குரல். அவள் நின்றாள். இன்னொரு முறை கேட்டது. மூன்றாவதற்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஓடினாள். சந்துக்குள் திரும்பினால், தலையோடு துண்டு சுற்றிய இரண்டு நெட்டை உருவங்கள். சித்திரை வீதிக்குத் தாவினால், இன்னும் நாலைந்து. எல்லாம் ஒரே நேரத்தில் ஏதோ சொல்ல வந்தன. பேய் சொல்வதைக் கேட்டால் போச்சு என்று இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

உருவங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு மெதுவாக, எல்லாம் சேர்ந்து வாயை அகலத் திறந்தன. உள்ளே விரலை விட்டுக் கன்னத்தைத் தேய்த்துக் காட்டின.

"ஐயோ, ரங்கா!"

கோபுரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த வீராயியின் மேலேயே போய் விழுந்தாள். கூடை கவிழ்ந்து சாமந்தி தெருவெல்லாம் உருண்டது.

"அடியே, என் பூவு! எந்திரி பாப்பா!"

"பேய்க்கா! கூட்டமா வருது! திங்கத்தான் வாயைத் தொறக்குதுக்கா!"

வீராயி எட்டிப் பார்த்தாள். பனிக்குள் வீதி அடைத்து உருவங்கள், வாயைப் பிளந்தபடி. ஒன்று மட்டும் குனிந்து, சிந்திய பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது.

"பேயாம்ல! போனை அணைச்சு வெச்சா புள்ளைங்க என்னதான் பண்ணும்? உன் வீடு எதுன்னு எங்கிட்டதான் வந்து கேட்டாங்க. ராத்திரி முழுக்க உக்காந்து பேசி முடிவு பண்ணுனாங்களாம்," என்றாள் வீராயி. "யாரோ ஒரு கொழந்தைக்குப் பொருந்துதான்னு பாக்க வாய்க்குள்ள பஞ்சு விட்டுத் தடவி எடுப்பியாமே பாப்பா, மொத்த ஹாஸ்டலும் வந்து நிக்குது, எடுத்துக்க!"

நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும், செல்லங்களே. உங்களுக்கு ஒன்று என்றால், வீதி அடைத்து ஆள் வந்து நிற்கட்டும்.