மக்ரூன் கொடுத்துப் பழக்கிய கதை

முதலில் தப்புச் செய்தவன் மச்சினன் செந்தூர்பாண்டி. அதில் வன்னியபெருமாளுக்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அக்கா புருஷனை எப்படி அழைக்க வேண்டும்? வெற்றிலை பாக்குத் தட்டோடு படியேறி வந்து அழைக்க வேண்டும். அவன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். பால்காரனுக்கும் கேபிள்காரனுக்கும் அனுப்பிய அதே படம்.

அன்றோடு பேச்சு நின்றது. தட்டோடு வந்து மன்னிப்புக் கேட்கட்டும். அதுவரை இந்த வீட்டிலிருந்து ஓர் இனிப்புப் பொட்டலம்கூட அங்கே போகக் கூடாது. அவர்கள் சொந்தத்தில் யார் வீட்டு இனிப்பு முதலில் போகிறதோ, அவர்கள் இறங்கி வந்ததாக அர்த்தம். அப்புறம் மன்னிப்பாவது ஒன்றாவது!

மனைவி சுடலைமாடத்திதான் விடவில்லை. காலையில் காப்பியோடு தம்பி புராணம். மத்தியானம் குழம்போடு தம்பி புராணம்.

மகள் பானுப்ரியா கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறாள். பாடத்தைச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். ஐந்தாம் வகுப்போடு கருப்பட்டிக் கடைக்குப் போன வன்னியபெருமாளுக்கு, அவள் படிக்கிற ஒவ்வொரு வார்த்தையும் தன்னைப் பற்றியதோ என்று சந்தேகம்.

“ஏளா, அமிக்டலான்னியே, அது என்னது?”

“மூளையில ஒரு பகுதிப்பா. பயம், கோபம் வந்தா அதுதான் மொதல்ல துள்ளும்.”

“எனக்கு அது பெருசா இருக்குன்னு ஒங்கம்மா சொன்னாளா?”

“கன்ஃபர்மேஷன் பயாஸ்னு ஒண்ணு இருக்குப்பா. ஒரு முடிவைக் கட்டிக்கிட்டு, அதுக்குத் தோதான சாட்சியை மட்டும் பொறுக்குறது.”

“இதையும் அவதான் சொல்லச் சொன்னா. அப்படித்தானே?”

மகள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். “ஒருத்தர் நமக்குப் பிடிச்ச மாதிரி நடந்தா, கையோட ஒரு பரிசு கொடுக்கணும். பெறகு அதையே திரும்பத் திரும்பச் செய்வாங்க. இதுக்குப் பேரு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்.”

வன்னியபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது உருப்படியான வார்த்தை.

மறுநாள் காப்பி வந்தது. கூடவே தம்பியும் வந்தான்.

“இங்கேருங்க, என் தம்பி இருக்கானே…”

வன்னியபெருமாள் ஒரு முறை முறைத்தார். அவள் வாயை மூடினாள். அவ்வளவுதான், மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினார். முந்திரி மணக்க மணக்க மக்ரூன் பொட்டலம் வந்தது.

“எனக்கா? என்ன விசேஷம்?”

“சும்மாதான். தின்னு.”

மருந்து வேலை செய்தது. “என் தம்பி…” என்பாள், நிறுத்துவாள். மக்ரூன் வரும். சாயங்காலம் மறுபடியும் “என் தம்பி…” என்பாள், நிறுத்துவாள். மக்ரூன் வரும். பொட்டலத்தை அவள் பிரிக்காமல் டின்னுக்குள் போட்டு அலமாரியில் வைப்பதை அவர் பார்த்தார். மகள் கண்ணில் படாமல் தனியாகத் தின்னப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டார். இருக்கட்டும். பிடிவாதக்காரியையே பழக்கிவிட்டோமே! பேக்கரிக்காரர் இவர் தலையைக் கண்டதுமே பொட்டலம் கட்டத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. செந்தூர்பாண்டி!

“அத்தான்! பெரிய மனசு பண்ணிட்டிய. ஒரு டின் நெறைய மக்ரூன்! நீங்களே கடைக்கு நடையா நடந்து வாங்குனதா அக்கா சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.”

“எலே, நான்…”

“ஒண்ணும் சொல்லாதிய அத்தான். மொதல்ல எறங்கி வந்தது நீங்க. நானும் ஒங்களை மன்னிச்சிட்டேன்.”

போன் நின்றது. வன்னியபெருமாளின் அமிக்டலா உச்சி வரைக்கும் துள்ளியது.

“ஏளா! அது ஒனக்குக் கொடுத்தது!”

“எனக்குக் கொடுத்தா அது என்னோடதுதானே? என் தம்பிக்குக் கொடுத்தேன்.”

“நான் ஒன்னைப் பழக்கிட்டேன்னுல்லா நெனச்சேன்!”

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பானுப்ரியா சொன்னாள். “அப்பா, நீங்க மக்ரூன் கொடுத்து அம்மாவைப் பழக்குனிய. அம்மா வாயை மூடியே ஒங்களைப் பழக்கிட்டாவ.”

“விடமாட்டேன். அவன் தட்டோட வரணும். மன்னிப்புக் கேக்கணும். அது இன்னும் பாக்கி இருக்கு!”

சுடலைமாடத்தி பெருமூச்சு விட்டாள். “என் தம்பி பொண்டாட்டிக்கு…” என்று ஆரம்பித்து, டக்கென்று நிறுத்தினாள்.

செந்தூர்பாண்டியின் மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை. வன்னியபெருமாளின் வலது கால் அதற்குள் செருப்புக்குள் போயிருந்தது.