எலையப்போடு முதலாளியும் ஆளில்லாத கடற்கரையும்

போடிநாயக்கனூர்க் கீழத்தெருவைப் பசியோடு ஒரு மனிதன் கடந்து போக முடியாது என்ற நிலைமையைச் சர்க்கார் உண்டாக்கவில்லை. சத்திரம் சாவடி எதுவும் உண்டாக்கவில்லை. ஏலக்காய் வியாபாரியான என் அக்கா புருஷன் ஒற்றை ஆளாக உண்டாக்கினார். வாசலில் யார் நிழல் ஆடினாலும் உள்ளே திரும்பி, "எலையப் போடு" என்று ஒரு குரல் கொடுப்பார். அதனால் ஊருக்கே அவர் எலையப்போடு முதலாளி. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் கடைக் கணக்குப்பிள்ளையே கொஞ்சம் யோசிப்பார்.

தனியாக உட்கார்ந்தால் மச்சானுக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் ஓர் இலை வேண்டும், அதன் முன்னால் ஓர் ஆள் வேண்டும். ஆள் யார் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. அவர் மேலேயே கோர்ட்டுச் சம்மன் கொண்டுவந்த சேவகர், வயிறு முட்டச் சாப்பிட்டு, கூடத்தில் தூங்கி எழுந்து, வந்த காரியத்தை மறந்து போய்விட்டார். தபால்காரர் வயிற்றுக்குப் பயந்து, கடிதங்களை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ஓடுவார். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே காலியாகிவிட்ட ஒரு நாள், உச்சிவெயில் வரை தெருவில் நின்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு குரங்காட்டியைப் பிடித்து வந்தார். குரங்குக்கும் தனி இலை. அது இன்னும் பாயசம் கேட்டுக் கை நீட்டியதை வெகுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இத்தனை இலைக்கும் சோறு என் அக்காவிடமிருந்து வந்தது. கல்யாணமான மறுவாரம் அடுப்படிக்குள் போனவள் அவள். ஒருநாள் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். மதுரையில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, இதயம் களைத்துப் போயிருக்கிறது, இன்னொரு தரம் இப்படி விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்று மறைக்காமல் சொன்னார். அடுப்பு ஆகாது, ஆள்கூட்டம் ஆகாது, மனித நடமாட்டமே இல்லாத கடற்கரையாகப் பார்த்து ஒரு மாதம் வைத்திருங்கள் என்றார். மச்சான் அழுதுவிட்டார். அக்காவுக்காகத்தான் அழுதார். கொஞ்சம் அந்த மனித நடமாட்டத்துக்காகவும் இருக்கலாம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு முந்திய காலம் அது. போடியில் ரயிலேறி, மதுரையில் மாறி, மண்டபம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, மாட்டுவண்டியில் மணலுக்குள் போனோம். யாரோ ஒரு துரை ஓய்வுக்காகக் கட்டிவிட்டுப் போன ஓட்டுவீடு. கேட்பவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். முன்னால் கடல், பின்னால் உடைமரம், பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூட விடுமுறையில் இருந்த வாத்தியாரான நான் சமையலுக்காகப் போயிருந்தேன். எனக்கு ரசம் வைக்கத் தெரியும். மற்றதும் ரசம் மாதிரியே வரும்.

சாமான்களை இறக்கினால் பாதி வண்டி வாழை இலை. இது எதற்கு என்று கேட்டேன்.

"கெடக்கட்டும் மாப்ள. இங்கன யாரு வருவாக, யாரு போவாக, நமக்கென்ன தெரியும்?"

யாரும் வரவில்லை, யாரும் போகவுமில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பரிமாற ஆளில்லை. பரிமாறாத சாப்பாடு அவருக்குச் சாப்பாட்டிலேயே சேராது. தனி இலையின் முன்னால் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி இரண்டு வாய் பிசைந்துவிட்டு இலையை மடித்துவிடுவார். கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டு அக்கா தேறி வந்தாள். அவர் இளைத்து வந்தார். சட்டை தொளதொளத்துவிட்டது. காலடித் தடம் ஏதாவது தெரிகிறதா என்று மணலைப் பார்த்துக்கொண்டே நடப்பார். தெரியும். எல்லாம் அவருடையதாகவே இருக்கும்.

ஒருநாள் நடுப்பகலில் தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்தது. மச்சான் தோள்துண்டை உருவிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, தலைக்கு மேல் சுழற்றிச் சுழற்றிக் கத்தினார். யாரையோ கடல் இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்து, வள்ளத்திலிருந்த மீன்பிடிக்காரர்கள் போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டு, துடுப்பை வலித்துக்கொண்டு வந்து கரையில் குதித்தார்கள். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

"யாருய்யா விழுந்தது? எங்கன?" என்றார் அவர்களில் பெரியவர்.

"யாரும் விழுகல. சாப்பிட வாங்க," என்றார் மச்சான்.

அவரைத் தூக்கிக் கடலில் போட்டிருந்தாலும் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் அடிக்கக் கை வராது. தலையில் அடித்துக்கொண்டு, கால் கழுவிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வீடு கலகலத்தது. மச்சான் உள்ளே திரும்பி, பழக்கதோஷத்தில், "எலையப் போடு" என்றார்.

நான் இலைகளைப் போட்டுவிட்டு உள்ளே போனபோது அக்கா கட்டிலில் இல்லை. அந்தக் குரலுக்கு எழுந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இருக்கிற சோறு இத்தனை பேருக்குக் காணாது என்று இன்னோர் உலை வைத்து, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் மச்சான் ஓடி வந்து அவளைத் தாங்கி உட்காரவைத்தார்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா, மூச்சுக்குத் திணறிக்கொண்டே. "அவுகளுக்கு மொதல்ல தண்ணி வைக்கச் சொல்லுங்க."

மச்சான் வெளியே போய், இலைகளுக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"கோவிச்சுக்கிராதீகய்யா. என் வீட்டுக்காரிக்கு முடியல. இன்னைக்குச் சோறு போட முடியாது."

இலை முன்னால் உட்கார்ந்தவர்களை அவர் எழுப்பி நான் பார்த்தது அது ஒன்றுதான். பெரியவர், அவுகளப் பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்களைச் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போனார்.

அக்காவுக்கு மூச்சு சீராகி வெகுநேரம் கழித்து, மச்சான் தம் கையாலேயே இரண்டு இலை போட்டார். ஒன்றில் தாம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இலையில் அவளை உட்காரச் சொன்னார். அவளுக்கு விளங்கவே இல்லை. ஆண்கள் எல்லோரும் எழுந்துபோன பிறகு, அடுப்படி மூலையில் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டே பழகியவள்.

"நான் உக்காந்தா யாரு போடுறது?"

"மாப்ள போடுவான். நீ உக்காரு."

உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்காமல் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ரசம் தீர்ந்ததும் பாதி எழுந்தாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார்த்தினார். கூட்டு தீர்ந்தது. மறுபடி எழப் பார்த்தாள், மறுபடி பிடித்து உட்கார்த்தினார்.

"ஒனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

தபால்காரருக்கு வெண்டைக்காய் ஆகாது, குரங்காட்டிக்குப் புளிக்குழம்பு கெட்டியாக வேண்டும் என்றெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவர் அவர்.

"தெரியலையே," என்றாள் அக்கா. பிறகு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "தம்பி வச்ச ரசம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை மச்சான் தம் இலையை மடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அக்கா ரொம்ப வருஷம் நன்றாக இருந்தாள். போடிக்குத் திரும்பியதும் சமையலுக்கு ஆள் வைத்தார்கள். சேவகரும் தபால்காரரும் வழக்கம்போல மாட்டிக்கொண்டார்கள். ஆனால் முதல் பந்தியில், ஊர் ஆண்கள் அத்தனை பேருக்கும் நடுவே, அவர் பக்கத்தில் அக்காவுக்கு ஓர் இலை. அவள் வந்து உட்காரும்வரை மச்சான் சோற்றில் கை வைக்க மாட்டார். பெண்டாட்டியைப் பந்தியில் வைத்த முதலாளி என்று கீழத்தெரு கண்ணில் நீர் வரச் சிரித்தது. அந்த மனிதரைப் பற்றி வேறு எதைச் சொல்லி யார் சிரித்தாலும் நானும் சேர்ந்து சிரிப்பேன். இதைச் சொல்லிச் சிரித்தவர்களோடு மட்டும் நான் இன்றுவரை பேசுவதில்லை.